பெரிய வெள்ளிக் கஞ்சியில் ஒரு சேவல்

நான் வைத்த கஞ்சியை ஒரு தேயிலைத் தோட்டமே இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறது. சமையல் தெரிந்த எந்த மனிதனும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவேண்டிய பெருமை இது. நான் மட்டும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து வெளியே போய்விடுவேன். காரணம், அன்று பெரிய வெள்ளி.

அப்போது நானும் இமெல்டாவும் பதுளையில் படித்துக்கொண்டிருந்தோம். அவள் பூனாகலைத் தோட்டத்துப் பெண், நான் கொஸ்லந்தைப் பக்கம். இரண்டு வீட்டிலும் அம்மாமார் கொழுந்து பறிப்பவர்கள். ஆகவே மாதக் கடைசி என்பது எங்களுக்கு மாதத்தின் இரண்டாவது வாரத்திலேயே வந்துவிடும்.

காதலிப்பவர்கள் ஐஸ்கிரீம் கடைக்குப் போவார்கள், படத்துக்குப் போவார்கள். நாங்கள் சந்தைக்குப் போனோம், அதுவும் சந்தை கலைகிற நேரமாகப் பார்த்து. வெலிமடையிலிருந்து வரும் கோவாவின், அதாவது முட்டைக்கோஸின், வெளி இலைகளை உரித்துப் போட்டுவிட்டுத்தான் வியாபாரிகள் விற்பார்கள். அந்த இலைகளை இமெல்டா கொஞ்சமும் கூச்சப்படாமல் "மாட்டுக்கு வேணும்ங்க" என்று கேட்டு வாங்குவாள். (அந்த மாடு நான்தான்.) முறிந்த லீக்ஸ், அடிபட்ட வட்டக்காய், முற்றிப்போன போஞ்சி எல்லாம் அவள் பைக்குள் போகும். நான் பக்கத்தில் நின்று அவளைத் தெரியாதவன்போல வானத்தைப் பார்ப்பேன். அதே மனிதன் சாப்பிடும்போது மட்டும் வானத்தைப் பார்க்கமாட்டான்.

சமைப்பதற்கு எங்களுக்கு இடம் கொடுத்தவர் நஸீமா ராத்தா. அவர் வீட்டில்தான் இமெல்டா இன்னும் சில பெண்களோடு வாடகைக்கு இருந்தாள். ஆண்பிள்ளை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது ராத்தாவின் சட்டம். ஆனால் குசினி முற்றத்துக்கு அப்பால் தனியாக இருந்ததால் அது வீட்டில் சேராது என்று அவரே அதற்கு ஒரு திருத்தமும் கொண்டுவந்தார். கதவு அகலத் திறந்திருக்க வேண்டும், வீட்டுக்கான தேங்காயையும் நான் சேர்த்துத் துருவித் தரவேண்டும், அவ்வளவுதான். ராத்தா முற்றத்தில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். மெஷின் ஓடும் சத்தத்துக்கும் துருவலைச் சத்தத்துக்கும் மேலாகப் பேசித்தான் எங்கள் காதல் வளர்ந்தது. இன்றைக்கும் நான் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஒருநாள் நாங்கள் வெறும் பருப்பை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ராத்தா உள்ளே போய் எதையோ கொண்டுவந்தார்.

"இந்தாங்க மகள், இதுல ஒண்டப் போட்டுப் பாருங்க. கோழி இல்லாமலே கோழிக்கறி."

தங்கக் காகிதத்தில் சுற்றிய, கறிக்கு ருசி சேர்க்கிற சின்னக் கட்டி. காகிதத்தின் மேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சேவல். அன்றைக்குப் பருப்பு இறங்கியபோது எழுந்த வாசம் என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்று சொன்னால் அதில் மிகை ஒன்றுமில்லை. மாற்றித்தான் விட்டது.

இமெல்டாவின் கையில் அந்தக் கட்டி செய்த வேலையைச் சொல்லவேண்டும். கத்தி நுனியால் அதை நாலாக நறுக்குவாள். ஒரு துண்டு, கோவா இலையை வதக்கிய வறைக்கு. ஒரு துண்டு, பலாக்கொட்டையை அவித்து மசித்த குழம்புக்கு. ஒரு துண்டைச் சுடுதண்ணீரில் கரைத்து, காய்ந்துபோன பாண் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, முறிந்த லீக்ஸோடு கொத்தி எடுத்தால் கடைக் கொத்து ரொட்டிக்குக் குறைவில்லை. கடைசித் துண்டை யாரும் தொடக்கூடாது, அது மழை நாளுக்கு. மழை பெய்தால் அரிசி கழுவிய தண்ணீரில் பூண்டைத் தட்டிப்போட்டு ஒரு சூப் வைப்பாள். நான் வசதியான வீட்டுக் கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன், ஹோட்டல்களில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சூப்புக்குப் பக்கத்தில் வைக்க ஒன்றையும் நான் இன்னும் காணவில்லை. இல்லாததை வைத்துச் சமைக்க ஒரு அறிவு வேண்டும். அது அவளிடம் நிறைய இருந்தது. நான் அவளைக் காதலித்தேனா அவள் குழம்பைக் காதலித்தேனா என்று நண்பர்கள் கேட்பார்கள். எனக்கே அது அன்று தெளிவாக இல்லை.

என்னை மட்டும் பானையில் எதையும் போட விடமாட்டாள். "நீ கிண்டு ரெஜி. போடுற வேல என்னோடது" என்பாள். அதை நான் அவமானமாகவே எடுத்துக்கொண்டேன். கிண்டிக் கிண்டியே எனக்குச் சமையல் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. தோட்டத்திலிருந்து போன் வரும்போதெல்லாம் அவளும் தன் அம்மாவிடம், "ரெஜியும் சேந்துதாம்மா சமைக்கிறான்" என்று பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள்.

அம்மாவிடம் சொன்னது அப்பாவிடம் போகாமல் இருக்குமா? இமெல்டாவின் அப்பா அந்தோனி தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலின் உபதேசியார். பங்குச் சாமியார் மலை ஏறி வரமுடியாத ஞாயிறுகளில் செபம் நடத்துவதும், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பதும், ஊரின் பாவங்களைக் கண்காணிப்பதும் அவர் பொறுப்பு. தவசுக்காலத்தில் அவர் இரண்டாம் தரம் சோறு வாங்கியதை யாரும் கண்டதில்லை என்பார்கள். அவர் ஒரே வரியில் தகவல் அனுப்பினார்.

"பெரிய வெள்ளிக்கு அந்தப் பையன வரச் சொல்லு. பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' என்ற சொல்லுக்குள் நிறைய இருந்தது. கொழும்பில் ஒரு சித்தப்பாவின் துணிக்கடையில் இமெல்டாவுக்கு வேலை தயாராக இருந்தது. பையன் சரியில்லை என்று அவருக்குத் தோன்றினால் படிப்பும் இல்லை, பதுளையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையே அவள் கொழும்பு பஸ்ஸில் ஏறவேண்டியதுதான்.

பெரிய வியாழனன்று பண்டாரவளையிலிருந்து பூனாகலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இமெல்டா என் பையைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு என்ன வாங்கின?"

நான் பெருமையோடு எடுத்துக் காட்டினேன். ஒரு பெட்டி நிறையக் கோழிக் கட்டிகள். ஒற்றைக் கட்டியை நாலாக நறுக்கி வாழ்ந்தவனுக்கு முழுப் பெட்டி என்பது தங்கச் சங்கிலிக்குச் சமம்.

"பிஸ்கட் வாங்கச் சொன்னேன்ல?"

"பிஸ்கட் யாரு வேணும்னாலும் வாங்குவாங்க."

"ஆமா. ஏன்னா அவங்களுக்குப் புத்தி இருக்கு" என்றாள். "இத ஞாயித்துக்கிழம குடுப்பம். அதுவரைக்கும் வெளியில எடுக்காத."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு யாரும் சொல்லிவைக்க முடியாது. நான் தலையையும் ஆட்டினேன்.

உபதேசியார் என்னை அன்போடுதான் வரவேற்றார் என்று நினைக்கிறேன். அவர் முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. இராச்சாப்பாட்டில் சம்பலை ஒரு வாய் வைத்துவிட்டு, "மாசி போட்டுருக்கா?" என்று மனைவியிடம் கேட்டார். "இல்லைங்க" என்று பதில் வந்த பிறகுதான் விழுங்கினார். மாசிக் கருவாட்டுத் தூளுக்கே அனுமதி இல்லாத வீடு அது. அப்போதாவது எனக்கு ஒரு மணி அடித்திருக்க வேண்டும்.

பெரிய வெள்ளிக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. கோயில் முற்றத்தில் தொடங்கி, தேயிலை மலைக்கு நடுவே மேலே ஏறி உச்சிவரைக்கும் சிலுவைப்பாதை போவார்கள். இறங்கி வந்ததும் எல்லோருக்கும் கஞ்சி. ஒருசந்தி நாள் என்பதால் அன்றைக்கு முழுச் சாப்பாடு அது ஒன்றுதான். சுத்தபோசனம் என்பதால் இறைச்சி வாசமே ஆகாது. வழக்கமாக அண்டாவோடு கீழே நிற்பவர் சவரி மாமா. அந்த வருடம் முழங்கால் வலி தீர வேண்டி, தானும் மலை ஏறுவதாக அவர் நேர்ந்திருந்தார். அப்படியானால் அண்டாவை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது.

உபதேசியார் என் பக்கம் திரும்பினார். "தம்பி சமைப்பீங்களாமே?"

"கொஞ்சம் சமைப்பேங்க" என்றேன். (அடக்கம் என்று எனக்கு நினைப்பு. உண்மையில் அது முழுப் பொய்.)

இமெல்டா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. சவரி மாமா அகப்பையை என் கையில் கொடுத்தார்.

"அடிப்பிடிக்காமக் கிண்டுங்க தம்பி. தேங்காப்பால் கடைசியில. உப்பு நான் வந்து போட்டுக்கிறேன்."

அவர்கள் மேலே போனார்கள். நான் கிண்டினேன். பச்சரிசியும் பயறும் நன்றாகக் குழைந்து வந்தன. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. உப்பில்லாத கஞ்சி சப்பென்றுதான் இருக்கும் என்று ஒரு சாதாரண மூளை சொல்லியிருக்கும். என் மூளை வேறு ரகம். இன்று உபதேசியார் என் சமையலை முதல்முறையாகச் சாப்பிடப்போகிறார், இமெல்டாவின் எதிர்காலம் இந்த அண்டாவுக்குள் இருக்கிறது, இதையா கொடுப்பது என்று அது கேட்டது. சப்பென்று இருந்தால் என்ன செய்வோம்? ராத்தா வீட்டுக் குசினியில் என்ன செய்வோமோ அதைத்தான். கை தானாகத் தோளில் மாட்டியிருந்த பைக்குள் போய்விட்டது.

சத்தியமாக எனக்கு அது கோழி என்ற நினைப்பே வரவில்லை. நானும் ஞானஸ்நானம் பெற்றவன்தான், சின்ன வயதிலிருந்து சுத்தபோசனம் காத்தவன்தான். ஆனால் அந்தக் கட்டியைப் பருப்பில் போட்டுப் போட்டு, கோவா இலையில் போட்டுப் போட்டு, அது எனக்கு உப்பு மாதிரி ஒரு சாமான் ஆகிவிட்டது. சேவல் படத்தை உரித்து உரித்துக் கண் பழகிவிட்டது. அண்டா பெரியது என்பதால் முழுப் பெட்டியும் போனது. ஆவி முகத்தில் அடிக்க அடிக்க அவசரமாக உரித்துப் போட்டுக் கிண்டித் தேங்காய்ப்பாலும் ஊற்றினேன். வாசம் எழுந்து காற்றோடு மலைப்பக்கம் போயிற்று. மேலேயிருந்து கேட்ட பாட்டு கடைசி நிலைகளில் கொஞ்சம் வேகம் பிடித்த மாதிரி எனக்குப் பட்டது.

இறங்கி வந்த சவரி மாமா உப்போடு வந்து, ஒரு சொட்டுப் பார்த்துவிட்டு, உப்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். "கை பக்குவம் இருக்கு தம்பி" என்றார். நான் பணிவாகத் தலைகுனிந்தேன்.

எல்லோரும் அவரவர் கோப்பையோடு வரிசையில் வந்தார்கள். முதல் வாயிலேயே முற்றம் அமைதியாகிவிட்டது. அப்புறம் உறிஞ்சும் சத்தம் மட்டும். ஒரு அக்கா, "இந்த வருசம் கஞ்சி தனி ருசியா இருக்கே" என்றார். நான் அகப்பையை ஊன்றிக்கொண்டு நின்றேன். அப்போது இமெல்டா ஒரு வாய் குடித்தாள். குடித்தவள் அப்படியே நின்றாள். பிறகு கோப்பையைக் கையில் பிடித்தபடி மெதுவாக என்னிடம் வந்தாள்.

"கட்டி போட்டியா?"

"முழுப் பெட்டியும்" என்றேன்.

"இன்னிக்கு என்ன நாளு?"

"பெரிய வெள்ளி."

"அந்தக் கட்டியில என்ன படம் போட்டிருக்கு?"

எனக்குப் பதில் தெரியும். என் கை பாக்கெட்டில் திணித்திருந்த தங்கக் காகிதங்களைத் தடவியது.

இமெல்டா கண்ணை மூடிச் சிலுவை போட்டாள். அடுத்த நிமிடம் அகப்பை அவள் கையில் இருந்தது. "யாரும் கண்டுபுடிக்கிறதுக்கு முன்னால இத காலி பண்ணணும்" என்று முணுமுணுத்துவிட்டு, "மாமி, இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க. அண்ண, கோப்பைய காட்டுங்க" என்று முற்றமெல்லாம் பறந்தாள். அப்படி ஒரு உபசரிப்பை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் கண்டதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் யாரும் இல்லை. அண்டா அடி தெரிய ஆரம்பித்தது. நாங்கள் தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போதுதான், அவள் கூப்பிடாமலே, உபதேசியார் கோப்பையை நீட்டினார்.

இமெல்டா ஊற்றினாள். அவர் குடித்தார். பாதியில் நிறுத்தினார். வாயிலிருந்து எதையோ விரலால் எடுத்தார். நான் அவசரத்தில் உரிக்காமல் போட்ட ஒன்றின் தங்கக் காகிதம். அதை உள்ளங்கையில் வைத்து நீவி விரித்தார். சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரைப் பார்த்தது.

"இது என்னது?" என்று கேட்டார்.

நான் ஓடிவிடலாம் என்று பாதையைப் பார்த்தேன். பாதை உச்சிக்குத்தான் போனது. இமெல்டாதான் முன்னால் வந்தாள்.

"அப்பா, அது கோழிக் கட்டி. ரெஜி வேணும்னு போடல. பதுளையில நாங்க இத போட்டுத்தான் எல்லாம் சமைக்கிறோம். அந்தப் பழக்கத்துல கை போயிருச்சு."

"எல்லாம்னா?"

"எல்லாந்தாம்பா. பருப்பு, கோவா எல, பாண்."

"வேற கறி?"

"இதுதாம்பா கறி."

அவர் மகளைப் பார்த்தார். அங்கே நல்லாச் சாப்பிடுறேன் என்றுதான் அவள் எப்போதும் வீட்டுக்குச் சொல்லியிருந்தாள். அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று அசைந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அதற்குள் முற்றத்தில் வழக்கு ஆரம்பித்துவிட்டது. அதில் கோழி இல்லை, வெறும் வாசம்தான் என்று ஒரு கட்சி. கோழி இல்லாமல் கோழி வாசம் எங்கேயிருந்து வரும் என்று மறு கட்சி. உபதேசியார் கையை உயர்த்தினார். "சாமிக்கிட்டயே கேப்பம்" என்றார்.

அந்தத் தோட்டத்தில் போன் எடுபடும் ஒரே இடம் பிள்ளையார் கோயில் படிதான். உபதேசியார் படியில் ஏறி நின்றார். சபை முழுவதும் பின்னால் வந்து நின்றது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டார். பங்குச் சாமியார் வேறொரு தோட்டத்தில் அடுத்த வழிபாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு தப்பு நடந்துபோச்சு. கஞ்சியில கோழிக் கட்டி விழுந்துருச்சு."

"விழுந்துச்சா, போட்டாங்களா?"

உபதேசியார் என்னைப் பார்த்தார். "போட்டாங்க சாமி."

"தெரிஞ்சா குடிச்சீங்க?"

"இல்ல சாமி. தெரியாமத்தான்."

"அப்ப பாவமில்ல. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. நானும் விட்டேன். சாமியாரும் போனை வைத்திருக்கலாம். ஆனால் அவர், "ஆளுக்கு ஒரு கோப்பைதானே குடிச்சீங்க?" என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

எல்லோருக்கும் திடீரென்று தேயிலைச் செடி மேல் அக்கறை வந்துவிட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"என்ன சத்தத்தக் காணோம்? ஒருசந்தி நாளுல ரெண்டு கோப்பையா? யாரு அது?"

உபதேசியார் 'சிலபேர்' என்று சொல்லியிருக்கலாம். 'பிள்ளைங்க' என்று சொல்லியிருக்கலாம். ஏன், மகள்தான் ஓடி ஓடி ஊற்றினாள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கும் பாவம் எது புண்ணியம் எது என்று காலமெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர், அத்தனை பேருக்கும் முன்னால் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"நான் சாமி."

அந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த பயம் மரியாதையாக மாறியது. பின்னாலிருந்து சவரி மாமா, "நானும் சாமி" என்றார். அப்புறம் அந்த அக்கா. அப்புறம் முழுச் சபையும். போன் கட்டாகிவிட்டது. இரண்டு கோப்பை குடித்தவர்கள் எல்லோரும் இன்னொரு முறை சிலுவைப்பாதை போவது என்று படியிலேயே முடிவாயிற்று. அதாவது எல்லோரும். ஒரு சொட்டுக்கு மேல் குடிக்காதவன் நான் ஒருவன்தான்.

"தம்பி, நீங்க சிலுவையப் புடிங்க" என்றார் உபதேசியார்.

அது பச்சை மரத்தில் செய்ததோ என்னவோ, கனம் அப்படி. அவர் என் பக்கத்திலேயே நடந்தார். பாதி மலையில் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அங்க தினமும் அதுதான் சாப்பாடா?"

"தினமும் இல்லங்க. கட்டி இருக்கிற அன்னிக்குத்தான்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது. ஆனாலும் எனக்கு வாய் நிற்கவில்லை. கட்டியை அவள் நாலாக நறுக்குவதை, பலாக்கொட்டைக் குழம்பை, மழை நாள் சூப்பை, எல்லாவற்றையும் சிலுவையைச் சுமந்தபடி மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். "அவ கையில ஒன்னுமில்லாததும் கறியாகிருங்க மாமா" என்றேன். அதுவரை சொன்ன ஐயா எப்போது மாமா ஆனது என்று எனக்கே தெரியாது.

"அவ அதெல்லாம் செய்றா. நீ என்ன செய்வ?"

"தேங்கா துருவுவேங்க. கிண்டுவேன்."

"ம்" என்றார். உச்சியில் கடைசிச் செபம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, அவர் எங்கேயோ பார்த்தபடி, "ரெண்டு பேரும் படிப்ப முடிங்க. கொழும்புக்கு யாரும் போக வேணாம்" என்றார். கொஞ்சம் யோசித்து, "துருவுறதோட நிறுத்திக்க" என்றும் சேர்த்துக்கொண்டார். இமெல்டா பின்னால் நின்று முக்காட்டை வாய்க்குள் திணித்துச் சிரித்தாள்.

அந்த மாதத்திலிருந்து பூனாகலை பஸ் கண்டக்டர் கையில் ராத்தா வீட்டுக்கு ஒரு மூட்டை வந்துகொண்டே இருந்தது. அரிசி, கருவாடு, வட்டக்காய், சில சமயம் முட்டை. அவர் எதுவும் எழுதி அனுப்பியதில்லை.

இது நடந்து பல வருடங்களாகிவிட்டன. எங்களுக்குக் கல்யாண ஓலை வாசித்தபோது, "இந்த மணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும்" என்று சாமியார் கேட்டார். கோயிலின் பின்பக்கத்திலிருந்து யாரோ "கொக்... கொக்... கொக்..." என்றார்கள். முன்வரிசையில் உபதேசியார் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சவரி மாமாதான் என்று எல்லோருக்கும் தெரியும், அவர் மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை.

இப்போதும் பெரிய வெள்ளிக்குப் போனால், கோயில் முற்றத்தில் காலை வைத்ததும் என் பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். என் மகளும் அந்த வரிசையில் நின்று தட்டுகிறாள். ஆனால் உயிர்ப்பு ஞாயிறு காலையில் இமெல்டாவின் அம்மா அடுப்பை என்னிடம் விட்டுவிடுவார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கேக்குக்கு முன்னால் கோழிக் கட்டிக் கஞ்சி. போடுகிற வேலை இமெல்டாவுடையது, கிண்டுவது நான். உபதேசியார் மாமா ஒரு கோப்பையைக் குடித்து முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே இரண்டாவதுக்கு நீட்டுவார். வாங்கியதும் கரண்டியால் அடிவரை ஒரு தடவை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.